அத்தையோடு மர்க்கா பள்ளத்தாக்கில்

லடாக்கில் மர்க்கா பள்ளத்தாக்கை நடந்து கடந்து வந்ததிலிருந்து, யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி அத்தையைப் பற்றித்தான். "67 வயசுல அவங்களுக்கு மூச்சு வாங்கலையா?" வாங்கியது. எங்கள் எல்லாருக்கும்தான் வாங்கியது. என் 21 வயது மகளுக்கும், நாற்பதுகளில் இருக்கும் எனக்கும் என் தோழிக்கும் வாங்கியது. ஆனால் மலையில் படுத்துவிட்டது மகள்தான், அத்தை இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பல வயதுப் பெண்கள் சேர்ந்து இப்படி ஒரு தூர இடத்துக்குப் போக நினைத்தால், வயதைப் பற்றிக் கூச்சப்படாமல் முன்னாலேயே உட்கார்ந்து பேசி, திட்டத்திலேயே அதைச் சேர்த்துவிட வேண்டும். யாருக்கு என்ன முடியும், யாருக்கு எப்போது மாதவிலக்கு, யாருக்கு முழங்கால், யாருக்கு ரத்த அழுத்தம், யார் இரவில் எத்தனை தடவை எழுந்து போவார்கள் என்பது வரைக்கும். நாங்கள் அப்படிப் பேசிவிட்டுப் போனோம். பயணம் நல்லபடியாக முடிந்ததற்கு அதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கிளம்புவதற்கு முன் வீட்டில் வந்த எதிர்ப்பு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. மகளுக்கு "பொண்ணுங்க மட்டும் தனியாவா?" எனக்கும் தோழிக்கும் "இத்தனை நாள் வீட்டை யார் பாத்துப்பா?" அத்தைக்கு "அங்க ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" மூன்றுக்கும் மூன்று பதில் வேண்டும், பொதுவாக "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அத்தை விஷயத்தில் மருத்துவரின் சீட்டு, காப்பீட்டுத் தாள், வழியில் எந்த ஊரிலிருந்து வண்டி ஏறித் திரும்பலாம் என்று குறித்த வரைபடம், இந்த மூன்றையும் மேஜையில் வைத்த பிறகுதான் அண்ணன் அமைதியானார்.

அத்தைக்கு இந்த ஆசை வந்ததே ஒரு செய்தியைப் படித்துத்தான். 1984ல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால், 2022ல் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் குழு ஒன்றை அழைத்துக்கொண்டு, அருணாசலப் பிரதேசத்திலிருந்து லடாக் வரை இமயமலையின் நீளத்துக்கும் நடந்தார். கிளம்பும்போது அவருக்கு வயது 67. "என் வயசுதாண்டி" என்று அத்தை சொன்ன விதத்திலேயே இனி இவரைத் தடுக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. ஜப்பானின் தமாயே வதனாபே 2012ல் 73 வயதில் எவரெஸ்ட் உச்சிக்குப் போயிருக்கிறார். அவர்களோடு ஒப்பிட்டால் மர்க்கா எளிய நடை. பனிக்கோடரி, கயிறு எதுவும் வேண்டாம், பாதை தெளிவானது, பெரும்பாலான இரவுகள் கிராமத்து வீடுகளிலேயே தங்கலாம். ஆனால் கோங்மரு லா கணவாயைத் தாண்ட ஏறக்குறைய 5,200 மீட்டர் வரை ஏற வேண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான், எனவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதி. எளிய நடை என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மருத்துவரிடம் நால்வருமே போனோம், அத்தை மட்டும் இல்லை. அத்தைக்கு இதயப் பரிசோதனை, ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றிய பேச்சு (உயரத்துக்குப் போன புதிதில் அழுத்தம் கொஞ்சம் ஏறும், வீட்டில் எடுக்கும் அளவு அங்கே சரிப்படுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது). உயர நோயைத் தடுக்கத் தரும் டயாமாக்ஸ், அதாவது அசிட்டசோலமைடு, வழக்கமாக 125 மி.கி. காலையும் இரவும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கண்டிப்பாக முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதைச் சாப்பிட்டால் விரல் நுனியெல்லாம் குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி வரும். இது தெரியாமல் போனால் புதிதாக ஏதோ நோய் வந்துவிட்டது என்று பயந்துவிடுவோம்.

பயிற்சியில் எல்லாரும் ஏறுவதற்குத்தான் தயாராகிறார்கள். முழங்காலை வாங்குவது இறக்கம். மாடிப்படியில் முதுகுப்பையோடு ஏறுவதைவிட, மெதுவாக, ஒவ்வொரு படியிலும் உடம்பைத் தாங்கிப் பிடித்தபடி இறங்குவதுதான் அத்தைக்கு அதிகம் உதவியது. மாதக்கணக்கில் இதைச் செய்தார். மகளோ தினமும் ஓடுகிறவள், எனக்கெதற்கு என்று இருந்துவிட்டாள். கோங்மரு லாவிலிருந்து சோக்டோ பக்கம் இறங்கும்போது யாருடைய தொடை நடுங்கியது என்று சொல்ல வேண்டியதில்லை.

லே நகரமே 3,500 மீட்டரில் இருக்கிறது. டெல்லியிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே இறங்கிவிடுகிறோம், உடம்புக்கு அது பெரிய அதிர்ச்சி. முதல் இரண்டு நாளும் ஒன்றும் செய்யக் கூடாது. கடைத்தெருவுக்குக்கூடப் போக வேண்டாம், அறையில் படுத்துக் கிடங்கள், தண்ணீர் குடியுங்கள், சாப்பிடுங்கள், தூங்குங்கள். மூன்றாம் நாள் பக்கத்து ஊர்களான ஷே, திக்சே என்று மெல்லச் சுற்றலாம். தரைவழியாகப் போகிறவர்களுக்கு மணாலி வழியைவிட ஸ்ரீநகர் வழி நல்லது. கார்கிலில் 2,700 மீட்டரில் ஒரு இரவு தங்கி உடம்பைப் பழக்கலாம். மணாலி வழியில் போனால் சர்ச்சுவில் 4,200 மீட்டருக்கு மேல் தூங்க வேண்டியிருக்கும், பாதிப் பேருக்கு அன்றிரவு தலைவலிதான்.

எங்களை அழைத்துப்போனது ஒரு லடாக்கிப் பெண் வழிகாட்டி. லடாக்கில் பெண்கள் இந்த வேலைக்கு வருவதே பெரிய விஷயமாக இருந்த காலத்தில், தின்லஸ் சோரோல் என்பவர் மலையேற்ற வழிகாட்டியாகப் பயிற்சி பெற்று, 2009ல் முழுக்கப் பெண்களே நடத்தும் பயண நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவர் போட்ட பாதையில் இன்று பலர் இருக்கிறார்கள். பெண் வழிகாட்டி வேண்டும் என்று நாங்கள் கேட்டது பாதுகாப்புக்காக மட்டும் இல்லை. வயிற்றுவலி, மாதவிலக்கு, சிறுநீர் எரிச்சல் இதையெல்லாம் தயங்காமல் சொல்ல முடிகிற ஆள் கூட இருப்பது மலையில் பெரிய பலம். அந்தப் பெண்ணுக்கு முப்பதுக்குள்தான் இருக்கும். அத்தையை "ஆமா-லே" (லடாக்கியில் மரியாதையாக 'அம்மா') என்றுதான் கூப்பிட்டார், அத்தை அவரை "கண்ணு" என்றார், இருவருக்கும் பொதுவான பாஷை அரைகுறை இந்திதான். ஆனாலும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே நடந்தார்கள்.

அந்தப் பேச்சுதான் எங்கள் வேகத்தின் அளவும். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் நட, வார்த்தை துண்டுபட்டால் வேகத்தைக் குறை. அத்தை வழிகாட்டிக்கு அடுத்து, மற்றவர்கள் அத்தைக்குப் பின்னால். இது முதல் நாளே போட்ட விதி. மெதுவாக நடப்பவரைக் கடைசியில் விட்டால் என்ன ஆகும் என்றால், முன்னால் போனவர்கள் நின்று இளைப்பாறிக்கொண்டிருப்பார்கள், பின்னால் வருகிறவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்த உடனே அவர்கள் கிளம்பிவிடுவார்கள். அதிகம் ஓய்வு தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடைக்காது. பல குழுக்களில் இதைத்தான் பார்த்தேன், பார்க்கவே கஷ்டமாக இருந்தது. எங்கள் சாமான்களைக் கழுதைகள் சுமந்தன. தோளில் தண்ணீர், மழை ஜாக்கெட், கொஞ்சம் உலர்பழம் மட்டும். சுமையைத் தானே தூக்கினால்தான் சாகசம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. அந்தக் கழுதைக்காரருக்கும் அது பிழைப்பு.

மகள் இந்த விதியை மர்க்கா கிராமம் வரைக்கும் கேட்டாள். அதற்கு அடுத்த நாள், வழியில் பாறை உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் தேச்சா மடாலயத்தைப் பார்த்ததும் ஒரே ஓட்டமாக ஏறி இறங்கி, அப்புறம் எங்களுக்கு முன்னாலேயே ஹங்கர் போய்ச் சேர்ந்தாள். ஹங்கர் ஏறக்குறைய 4,000 மீட்டர். நாங்கள் போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னடா என்றால் ஒன்றும் இல்லை என்றாள். இரவு துக்பா (நூடுல்ஸ் சூப்) கிண்ணத்தை அப்படியே தள்ளி வைத்தாள். அத்தைதான் முதலில் கவனித்தார். "இவ பசி தாங்க மாட்டாளே, ஏன் சாப்பிடல?" என்று கேட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வாந்தி. மத்தியானத்திலிருந்தே தலை வெடிக்கிறதாம், அத்தைப் பாட்டியே நன்றாக இருக்கும்போது தான் எப்படிச் சொல்வது என்று மறைத்திருக்கிறாள்.

இதை இளம் பெண்களுக்காக அழுத்திச் சொல்கிறேன். உயர நோய் வயதையும் உடற்பயிற்சியையும் பார்த்து வருவதில்லை. வேகமாக ஏறுகிறவர்களுக்கு வருகிறது, அதனால் ஓடத் தெரிந்த உடம்புகளே பல நேரம் முதலில் மாட்டிக்கொள்கின்றன. தலைவலியோடு சாப்பாடு பிடிக்காமல் போவது, குமட்டல், தலைசுற்றல், அளவுக்கு மீறிய களைப்பு இவற்றில் ஏதாவது சேர்ந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியும்வரை அது உயர நோய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

வழிகாட்டி பதற்றமே இல்லாமல் சமையலறையின் மண் தரையில் மகளை எழுப்பி நிற்க வைத்தார். அந்த வீட்டு அம்மா அடுப்புப் பக்கமிருந்த கம்பளத்தைச் சுருட்டி நகர்த்தினார். ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் கட்டைவிரலோடு ஒட்டி வைத்து, கோடு போட்ட மாதிரி நேராக நடக்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தில், கம்பளிக் காலுறையோடு, கையை விரித்துக்கொண்டு அவள் நடந்தாள். தடுமாறவில்லை. திரும்பி நடக்கச் சொன்னார், நடந்தாள். தடுமாறியிருந்தால் மூளையில் நீர் கோக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், நள்ளிரவானாலும் அந்த நிமிஷமே கீழே இறங்கியாக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, விடாத இருமல் இருந்தால் நுரையீரலில் நீர், அதற்கும் வைத்தியம் இறக்கம்தான். ஆக்சிஜனும் மருந்தும் கைவசம் இருந்தாலும் இறங்குவதைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எங்களிடம் இருந்தது. ஆனால் அந்த உயரத்தில் எல்லாருக்கும் எண் குறைவாகத்தான் காட்டும், குளிர்ந்த விரலில் இன்னும் தாறுமாறாகக் காட்டும். எண்ணைப் பார்க்காதே, ஆளைப் பார் என்றார் வழிகாட்டி.

மிதமானதுதான் என்பதால் இறங்காமல் அங்கேயே தங்கினோம். அறிகுறி முழுக்கப் போகும்வரை ஒரு அடி மேலே ஏறக் கூடாது, இதில் பேரமே கிடையாது. அத்தைக்குத் தேவைப்படலாம் என்று திட்டத்தில் ஒதுக்கி வைத்திருந்த ஓய்வு நாள் மகளுக்குப் பயன்பட்டது. அத்தை அந்த நாள் முழுவதும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு ஒரு மிடறாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பசி வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒரே மூச்சில் நிமாலிங் போகாமல், நடுவில் தாச்சுங்ட்சேயில் ஒரு இரவு கூடாரத்தில் தங்கிப் போனோம். ஹங்கரிலிருந்து 4,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் நிமாலிங்குக்கு ஒரே நாளில் கூட்டிப்போகிற திட்டங்கள் நிறைய உண்டு. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பதுதான் பொதுவான அறிவுரை. நிறுவனம் தரும் திட்டத்தில் ஒவ்வொரு இரவுக்கும் எதிரே உயரத்தை எழுதிப் பாருங்கள், எங்கே தாவுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது, யாரும் எழுதாத விஷயம். லடாக் குளிர்ப் பாலைவனம். பல இடங்களில் மரம் கிடையாது, புதர் கிடையாது, மறைவு கிடையாது. இதற்குப் பயந்து பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். வறண்ட காற்றும் மூச்சிரைப்பும் ஏற்கெனவே உடம்பின் நீரை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது இது ஆபத்து. தலைவலி கூடும், சிறுநீர்த் தொற்று வரும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு அந்தத் தொற்று இன்னும் சுலபமாக வரும். அத்தை இதற்குத் தயாராக வந்திருந்தார். கால்சட்டைக்கு மேலே ஒரு அகலமான பருத்திப் பாவாடை. எங்கே வேண்டுமானாலும் அப்படியே உட்கார்ந்துவிடலாம், சுற்றிலும் திரை. முதல் நாள் மகளுக்கு அது சங்கடமாக இருந்தது. சில நாட்களில் அதே பாவாடையை வரிசையில் நின்று கடன் வாங்கினோம். இவ்வளவு பயனுள்ள ஒரு மலையேற்ற உடையை எந்தக் கடையும் விற்கவில்லை. இரவுக்கு வாய் அகலமான ஒரு டப்பாவும் புனலும் வைத்துக்கொள்ளுங்கள்; நிமாலிங் குளிரில் கூடாரத்தைத் திறந்து வெளியே போவது யாருக்கும் சுகமில்லை, கால் தடுக்கி விழுந்தால் அத்தை வயதில் எலும்பு என்னாகும் என்பதும் இருக்கிறது.

கிராமத்து வீடுகளின் கழிப்பறை மாடியில் இருக்கும். தரையில் ஒரு துளை, பக்கத்தில் மண் குவியலும் ஒரு மண்வெட்டியும். முடித்ததும் மண்ணைத் தள்ளி மூட வேண்டும். நாற்றமே இல்லை. கீழே சேர்வது மக்கி எருவாகி, அவர்களுடைய பார்லி வயலுக்குப் போகிறது. அந்தத் துளைக்குள் நாப்கின் போட்டால் அதன் பிளாஸ்டிக் நேராக அவர்கள் வயலில்தான் போய்க் கிடக்கும். அந்த வீட்டுப் பெண்தான் பிறகு அதைக் கையால் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கும். நமக்குச் சமைத்துப் போட்டவருக்கு நாம் அதைச் செய்யலாமா? ஈரத் துடைப்பான்களுக்கும் இதே கதைதான். நாங்கள் பழைய செய்தித்தாளில் சுற்றி, இரட்டை ஜிப் பையில் போட்டு, லே வரைக்கும் தூக்கி வந்தோம். மகள் மாதவிலக்குக் கப் பயன்படுத்தினாள், அது இன்னும் சுத்தமான வழி. ஆனால் வீட்டில் சில மாதம் பழகியிருக்க வேண்டும், முதல் தடவையை மலையில் வைத்துக்கொள்ளக் கூடாது. என் தோழிக்கு மாதவிலக்கு நிற்கப்போகிற பருவம், எப்போது வரும் எவ்வளவு வரும் என்றே சொல்ல முடியாது. உயரமும் அலைச்சலும் சேர்ந்து எல்லாருக்குமே நாள் முன்னே பின்னே ஆகலாம், எனவே தேதி பார்த்து ஏமாறாமல் எல்லாரும் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். தள்ளிப்போடும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள், ரத்தம் உறையும் ஆபத்து சிலருக்கு உண்டு.

அந்த வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பகுதி ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது, பனிச்சிறுத்தை வாழும் இடம். பட்டியில் ஆடுகளைச் சிறுத்தை கொன்றுவிட்டால் குடும்பத்துக்கு வருஷ வருமானம் போய்விடும். அதை ஈடுகட்டத்தான் 2000களின் தொடக்கத்தில் இங்கே வீட்டுத் தங்கல் முறையைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் நடத்துவது வீட்டுப் பெண்கள். நாம் தங்கினால் அந்தப் பணம் அவர்கள் கைக்குப் போகிறது.

ஆற்றைப் பற்றி ஒரே பேச்சு: காலையில் கடந்துவிடுங்கள். பகல் வெயிலில் மேலே பனி உருகி, மத்தியானத்துக்குப் பிறகு நீர் ஏறிவிடும். இப்போது பல இடங்களில் பாலம் இருந்தாலும் எல்லா இடத்திலும் இல்லை. 1889ல் இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பெண், சின்ன வயதிலிருந்தே முதுகெலும்பு நோவோடு வாழ்ந்தவர், 57 வயதில் இதே லடாக்கில் பயணம் செய்தார். ஷியோக் ஆற்றைக் கடக்கும்போது குதிரை கவிழ்ந்து அவருக்கு விலா எலும்பு முறிந்தது. அதோடும் பயணத்தைத் தொடர்ந்தார். அவரை மதிக்கிறேன், ஆனால் விலாவை முறித்துக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. செருப்பு மாற்றி, கைகோத்து, நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி பக்கவாட்டில் கால் வைத்துக் கடக்க வேண்டும். முதுகுப்பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பை உங்களை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. வறண்டு கிடக்கிறதே என்று ஓடைப் படுகையில் கூடாரமும் போடக் கூடாது. 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பு வந்து லேயே வெள்ளத்தில் சிதைந்தது.

கணவாய் நாள் விடியுமுன் கிளம்பினோம். மத்தியானத்துக்கு மேல் காற்று மோசமாகிவிடும். நிமாலிங்கிலிருந்து 400 மீட்டர்தான் ஏற்றம், ஆனால் பத்தடிக்கு ஒருமுறை நின்றோம். மேலே மந்திரக் கொடிகள் படபடக்க, எதிரே 6,400 மீட்டர் காங் யாட்சே சிகரம். அத்தை அழுதார். மகள் அவரைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். அங்கே ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்று வழிகாட்டி சொன்னதால் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டோம். இறக்கம்தான் அன்றைய பெரிய வேலை, உயரக் கணக்கில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். ஊன்றுகோல்களின் நீளத்தை இறக்கத்தில் கூட்டிக்கொள்ளுங்கள், எடை கைக்கு மாறும், முழங்கால் பிழைக்கும். இரண்டு கோலும் வேண்டும், ஒன்று போதாது. கால் நகத்தை முந்தின நாளே ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஷூவின் முனையில் இடித்து இடித்து நீலமாகிவிடும்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். பள்ளத்தாக்கில் அதுவும் பெரும்பாலும் கிடைக்காது. சேட்டிலைட் போன் அனுமதியில்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், வெளிநாட்டு நண்பர்கள் தந்தாலும் எடுத்துப் போகாதீர்கள். எந்தத் தேதி வரை பேச்சு வராது என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். லேயைத் தாண்டினால் இந்தப் பள்ளத்தாக்கில் ஏ.டி.எம். இல்லை, பணமாகவே கொண்டு போங்கள், சில்லறை நோட்டாக. காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், எத்தனை வயது வரை செல்லும், மீட்பு ஹெலிகாப்டர் செலவு சேருமா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அத்தைக்குக் காப்பீடு தேடியபோது முதலில் பேசிய இடத்தில் வயதைக் கேட்டதுமே மறுத்துவிட்டார்கள், விடாமல் தேடியதில் கிடைத்தது. போகிற காலம் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை. ஆற்று நீர் குறைந்திருக்கும் என்பதால் வயதானவர்களோடு போகிறவர்களுக்குச் செப்டம்பரைத்தான் சொல்வேன், குளிருக்கு மட்டும் கூடுதலாக ஒரு கம்பளி. லேயிலிருந்து விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான், வானிலை சரியில்லையென்றால் ரத்தாகிவிடும், அதனால் திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் ஒரு நாளாவது காலியாக விட்டு வையுங்கள்.